தடித்த குழாய், மெல்லிய குழாய்

படம் நன்றாக வந்திருந்தது. அவன் முதலில் கவனித்தது அதைத்தான். அசைவு இல்லை. ரத்தக்குழாய்களைப் படத்தில் காட்டும் மருந்து சரியான கணத்தில் போயிருக்கிறது. அது தன்னுடைய நெஞ்சு என்பது பிறகுதான் உறைத்தது.

நுரையீரலுக்குப் போகும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் வெள்ளையாகத் தெரிய வேண்டும். இரண்டிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் விரல் பருமன். இடப்பக்கம் அதைவிட நீளம்.

"பாத்துட்டீங்களா படக்காரரே?" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு வைத்தியம் செய்யும் அறையில் எக்ஸ்ரே இயந்திரத்தை ஓட்டுபவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களின் நெஞ்சைப் படம் பிடித்தவன்.

"பாத்துட்டேன் மேடம்." மூச்சு வாங்கினான். "ரெண்டு பக்கமும்."

"ரெண்டு பக்கமும்தான்."

பேசினால் மூச்சு இளைத்தது. பேசாவிட்டாலும் இளைத்தது. மூக்கின் மேல் ஆக்சிஜன் முகமூடி. இடது காலில் மாவுக்கட்டு. படியில் இடறிக் கணுக்கால் உடைந்ததிலிருந்து வீட்டில் ஒரே நாற்காலியில் கிடந்தான். அசையாத காலில் ரத்தம் உறைந்து, கட்டியாகி, கழன்று, மேலே ஏறிவிட்டது. இன்று காலை நாற்காலியிலிருந்து எழுந்தவன் சமையலறை வாசலைத் தாண்டவில்லை.

மாவுக்கட்டின் மேல் பேனாவால் எழுதியிருந்தது: 'அவசரப்பட்டு வரவேண்டாம், நிம்மதியாக இருக்கிறோம்.' ரேடியோவின் கையெழுத்து. இயந்திர அறையில் அவனுடைய கூட்டாளி. வாயை மூடமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

கட்டிலின் கால்மாட்டில் மனைவி நின்றாள். இதே ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. நர்ஸ். வேலைக்கு நடுவில் இறங்கி வந்திருந்தாள். சீருடையில் இருந்தாள், ஆனால் இந்த அறையில் அவளுக்கு வேலை இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். இருந்தாலும் சொல்லியாகணும்," என்றார் டாக்டர். "கட்டி மேல பெருகாம இருக்க ஊசி ஓடிட்டிருக்கு. ஆனா இதயத்தோட வலது பக்கம் வீங்கியிருக்கு. ஊசியை மட்டும் நம்பி உக்காந்திருக்க எனக்குத் தைரியம் இல்ல. பிரஷர் இப்போதைக்கு நிக்குது. அது நிக்கற வரைக்கும்தான் உங்ககிட்ட கேப்பேன். விழுந்துச்சுன்னா கேக்க மாட்டேன்."

இரண்டு வழிகள் இருந்தன. இரண்டிலும் தொடை இடுக்கில் ஊசி குத்தி, ரத்தக்குழாய் வழியாக இதயத்தைத் தாண்டிக் குழாயைக் கட்டி வரை கொண்டுபோக வேண்டும். அதுவரை ஒன்றுதான். பிறகு பிரிகிறது. தடித்த குழாய் என்றால் கட்டியை அங்கேயே உறிஞ்சி வெளியே இழுத்துவிடலாம். மெல்லிய குழாய் என்றால் அதைக் கட்டிக்குள்ளேயே விட்டுவைத்து, கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் விட வேண்டும். உறிஞ்சும்போது கட்டியோடு ரத்தமும் வரும். கரைக்கும் மருந்துக்கு எந்தக் கட்டியைக் கரைப்பது என்று தெரியாது. எப்போதாவது வேறெங்கோ கசிய வைக்கும். மூளையில்கூட.

"எது நல்லது மேடம்?" என்றாள் மனைவி.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்திருக்காங்க. உறிஞ்சினவங்க ஐ.சி.யூ.ல குறைச்சலா இருந்தாங்க. நடுவுல மோசமானவங்களும் குறைச்சல். உயிர் போறதுல வித்தியாசம் காட்ட முடியல. நான் சாயறது உறிஞ்சற பக்கம். கொஞ்சம்தான் சாயறேன்."

"சொட்டு," என்றான் அவன்.

"உறிஞ்சறது," என்றாள் மனைவி.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல குடும்பம். அறையைத் தயார் பண்ணச் சொல்லிட்டு வரேன். அதுக்குள்ள சண்டையை முடிச்சு வைங்க."

திரையை இழுத்துவிட்டுப் போனார். மூன்று பக்கம் துணித்திரை, ஒரு பக்கம் சுவர். சுவரில் ஒரு சுவிட்ச் பலகை. நகர இடமில்லை. மனைவி தலைமாட்டுக்கு வந்தாள்.

"சொட்டு விட்டவங்களை நீங்க பாத்ததே இல்ல," என்றாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள். "குழாயை வச்சு எங்ககிட்ட தள்ளிவிட்டுட்டு நீங்கல்லாம் கேன்டீனுக்குப் போயிடுவீங்க. அதுக்கப்புறம் டார்ச் அடிச்சுக் கண்ணைப் பாக்கறது நாங்க. கையைத் தூக்குங்க, பேரைச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கறது நாங்க."

"உறிஞ்சறது... நீ பாத்ததில்ல."

"எனக்கு எதுக்கு அது?"

"நான் பாத்திருக்கேன்." அவன் நிறுத்தினான். மறுபடி தொடங்கினான். "எப்படி வேணா பண்ணட்டும். அது வேணாம்."

"எனக்குச் சொட்டு வேணாம்."

"உடம்பு யாருது?"

"போன மாசம் சட்டை எடுக்கப் போனப்ப மட்டும் என் உடம்பா இருந்துச்சா? எது பொருந்தும்னு என்னையே கேட்டீங்க."

சிரிக்கப் போனான். சிரிப்பு இருமலாகிவிட்டது. அவள் முகமூடியை விலக்கி, வாயைத் துடைத்து, திரும்ப மாட்டினாள்.

வீட்டில் அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆஸ்பத்திரிப் பேச்சு செருப்போடு வெளியே நிற்க வேண்டும். மகள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அந்த மாமா இன்னிக்குச் செத்துட்டாரா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அன்றோடு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தார்கள். ஒரே வண்டியில் திரும்பினார்கள். வழியில் காய்கறி விலை பேசினார்கள்.

"எத்தனை பேரை அப்படிப் பாத்தே?" என்று கேட்டான். "சொட்டு விட்டு... மோசமானவங்க?"

சட்டம் இன்னும் அங்கே இருந்தது.

"ஒருத்தங்க," என்றாள் கடைசியில். "ஒருத்தங்க போதாதா? காலையில நல்லாப் பேசினாங்க. என்னைப் பேர் கேட்டாங்க. சொட்டு ஓடிட்டிருந்துச்சு. மத்தியானம் தண்ணி கேட்டாங்க. கேக்கும்போதே வாய் ஒரு பக்கம் இழுத்துச்சு. இடது கையைத் தூக்குங்கன்னேன். வலது கையைத் தூக்கினாங்க. தூக்கிட்டேனேன்னு சொன்னாங்க. மருந்தை நிறுத்தி ஸ்கேனுக்கு அனுப்பிட்டு என் ஷிப்ட் முடிஞ்சுது. மறுநாள் வந்தா பெட்ல வேற ஆள்."

"கேக்கலையா?"

"எதைக் கேக்கறது? பெட்ல வேற ஆள்." கம்பியை மறுபடி பிடித்தாள். "நீங்க எத்தனை பாத்தீங்க?"

"நிறைய நல்லா வந்துச்சு."

"கெட்டது?"

"ஒண்ணு." விட்டு விட்டுச் சொன்னான். "உறிஞ்ச உறிஞ்ச... ரத்தம்தான் வருது. கட்டி வரல. கிண்ணம் நிரம்புது. ரேடியோ பேச்சை நிறுத்திட்டாரு. பிரஷர் இறங்குது. அந்தம்மா முழிச்சிருக்காங்க. மேல கண்ணாடியைப் பாத்து... என்னைப் பாக்கறாங்க. கடைசில மேடம் விட்டுட்டாங்க. மெல்லிய குழாயை வச்சு... அனுப்பினாங்க. வெளிய போறப்ப மூஞ்சி சுண்ணாம்பு. பொழைச்சிருக்க மாட்டாங்க."

மனைவி குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உறிஞ்சிட்டு, முடியாம, சொட்டு வச்சு அனுப்பினாங்களா?"

"ஆமா."

"கையில மோதிரம் இருந்துச்சா? கழட்ட முடியாம?"

"விரல் வீங்கியிருந்துச்சு. மோதிரத்து மேல நான்தான் பிளாஸ்திரி சுத்தினேன். வெள்ளை தீந்துபோச்சு."

"நீலம்," என்றாள் அவள்.

"நீலம்."

"அதைப் பிரிச்சது நான்."

வெளியே யாரோ ஒரு தள்ளுகட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள். சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது.

இத்தனை காலமும் அவனிடம் ஒருத்தி இருந்தாள், அவளிடம் ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு மாலையும் அந்த இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பெண்.

"அப்ப நமக்கு எதுவுமே தெரியாது," என்றான்.

திரை விலகியது. டாக்டர் தலையில் துணித் தொப்பியோடு வந்திருந்தார்.

"யார் ஜெயிச்சது?"

"மேடம், அந்த மோதிரக்கார அம்மா..." என்று மனைவி தொடங்கினாள். "உறிஞ்சி முடியாம, சொட்டு வச்சு, தலையில கசிஞ்சுதே."

"டீச்சரா? அவங்களுக்கு என்ன?"

"எப்ப போனாங்க?"

"எங்க போனாங்க? போன வாரம்கூட வந்து என்னைக் காய்ச்சி எடுத்துட்டுப் போனாங்க. உங்க ஆஸ்பத்திரில லைன்ல நிக்க வச்சே ஆளைக் கொன்னுடுவீங்கன்னு. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினோம், தேறி வந்துட்டாங்க. இடது கையில பிடி கொஞ்சம் குறைச்சல். பள்ளிக்கூடம் போறாங்க."

அவன் கண்களை மூடிக்கொண்டான். நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. அவனிடம் இருந்த ஒரே காரணமும் போய்விட்டது.

"அந்தக் கை... சொட்டாலயா?"

"சொட்டாலதான் இருக்கணும். ஆனா உறிஞ்சி வந்திருந்தா சொட்டு தேவைப்பட்டிருக்காது. சொட்டு விடாம இருந்தா ஆளே இருந்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. அவங்களும் இதைத்தான் கேக்கறாங்க. ஒவ்வொரு தடவையும்." டாக்டர் திரையைப் பிடித்தபடி நின்றார். "அப்ப உறிஞ்சின ரத்தமெல்லாம் வீணாப் போச்சு. இப்ப வடிகட்டித் திருப்பிக் குடுத்துடறோம். அந்த அளவுக்கு மாறியிருக்கு. சொல்லுங்க."

அவன் மனைவியைப் பார்த்தான். "உன் பக்கமே இருக்கட்டும்."

"என் பக்கம்னு சொல்லாதீங்க."

"இவ்ளோ நேரம் நீதானே..."

"அது அப்ப. ஏதாவது ஆச்சுன்னா நான் அதை எங்க கொண்டுபோய் வைக்கறது? வேணும்னா உங்க பக்கம் இருக்கட்டும். சொட்டு விடட்டும். நான் கூடவே உக்காந்து கண்ணைப் பாத்துக்கறேன்."

"எனக்கு அதுவும் இப்ப..."

சுவரோரம் இருந்த இயந்திரம் பிரஷர் பார்க்கத் தொடங்கியது. கையில் கட்டியிருந்த பட்டை உப்பி, இறுக்கி, மெல்லத் தளர்ந்தது. மூவரும் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். முன்பைவிடக் குறைவாக வந்தது. மறுபடி அழுத்தினார் டாக்டர். இன்னும் கொஞ்சம் குறைவு.

"என் பக்கம்," என்றார் டாக்டர். "தள்ளுங்க."

*

இந்த மேசை இவ்வளவு குறுகலானது என்று அவனிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். "கொஞ்ச நேரம்தாங்க," என்று அவன் பதில் சொல்லியிருக்கிறான். அந்தக் குரலே இப்போது ஞாபகம் வந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவனின் குரல்.

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் கட்டினார்கள். மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் வைத்தார்கள். மற்றக் காலை நீட்டி, மடக்கக் கூடாது என்றார்கள். கழுத்து வரை நீலத் துணி. இயந்திரத்தின் கை வந்து முகத்துக்கு மேல் நின்றது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு கீறல் இருந்தது. அவனுக்குத் தெரியாத கீறல். இந்தப் பக்கத்திலிருந்து அவன் அதைப் பார்த்ததே இல்லை.

"ஸ்க்ரீன்," என்றான். "என் பக்கம்."

"பாக்கணுமா?" என்றார் டாக்டர்.

தலையசைத்தான். திருப்பினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேடியோவும் மனைவியும் தெரிந்தார்கள். கண்ணாடிக்கு மேலே ஒரு சின்ன விளக்கு. அந்தப் பக்கத்து மைக் பேசினால் பச்சையாக எரியும். எரியாவிட்டால் அங்கே பேசுவது இங்கே கேட்காது. கேட்கக் கூடாததைப் பேசும்போதுதான் அணைப்பார்கள்.

விளக்கு எரிந்தது. "வணக்கம் நேயர்களே," என்றார் ரேடியோ. "சிஸ்டர் வந்து என் நாற்காலியில உக்காந்துட்டாங்க. நான் நின்னுக்கிட்டே நிகழ்ச்சி நடத்தறேன். படக்காரரே, உம்ம நெஞ்சு கறுப்பு வெள்ளையிலதான் நல்லா இருக்கு."

தொடை இடுக்கில் மரக்க வைக்கும் ஊசி எரிந்தது. பிறகு அழுத்தம் மட்டும். வலி இல்லை. யாரோ உடம்பைப் பையாக நினைத்துத் துழாவுவது போல. திரையில் குழாயின் நுனி மேலே ஏறியது. இதயத்துக்குள் நுழைந்தபோது துடிப்பு இரண்டு முறை தடுமாறியது. அது நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கைக்கட்டை இழுத்துப் பார்த்தான். கட்டு நன்றாக இருந்தது.

"மருந்து போகப்போகுது," என்றார் ரேடியோ. "நெஞ்சு சூடாகும். உமக்குச் சொல்லித் தரணுமா? மூச்சை இழுங்க. பிடிங்க."

சூடு பரவியது. திரையில் கிளை பிரிந்தது.

"விடலாம்."

வலப்பக்கம் முதலில். டாக்டர் இழுத்தார். ஒருமுறை. இரண்டாம் முறை ஏதோ கழன்றது. அவனுக்கு அது வலியாகத் தெரியவில்லை. யாரோ முதுகில் கை வைத்து எடுத்தது போல இருந்தது. டாக்டர் கையில் இருந்ததைத் துணி மேல் பரப்பினார். கருஞ்சிவப்பாக, கிளை கிளையாக.

"பல்லி மாதிரி இருக்கு," என்றார் ரேடியோ. "படம் எடுத்து வச்சிருக்கேன். கல்யாண ஆல்பத்துல ஒட்டிக்குங்க."

பிறகு இடப்பக்கம். இழுத்தார். ரத்தம் வந்தது. வடிகட்டி உள்ளே திருப்பினார்கள். மறுபடி இழுத்தார். சின்னதாக ஒரு துண்டு. மறுபடி. ரத்தம் மட்டும்.

ரேடியோவின் பேச்சு நீண்ட இடைவெளிகளோடு வந்தது.

"இன்னொரு படம்," என்றார் டாக்டர்.

"மூச்சை இழுங்க. பிடிங்க."

பிடித்தான். சூடு பரவியது. இயந்திரம் முனகி நின்றது. திரையில் இடப்பக்கம் பாதிவரை வெள்ளை போய், அங்கே வெட்டியது போல நின்றது.

விளக்கு அணைந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரேடியோவின் வாய் அசைந்தது. திரையைக் காட்டி ஏதோ சொன்னார். மனைவி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். டாக்டர் குழாயைப் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்தார். ரேடியோவுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். ஆள் முழித்திருந்தால் பேச்சை நிறுத்தாதே. நிறுத்தினால் அவங்களுக்குத் தெரிந்துவிடும்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மூச்சு உள்ளேயே இருந்தது. விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை, வாய் அவனுடையது, மூக்கு அவனுடையது. ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தான். விட்டால் படம் கலைந்துவிடும் என்பது போல. காதுக்குள் இரைந்தது. கண்ணாடி ஓரங்களில் இருண்டது. டீச்சர் கிடந்ததும் இதே மேசையில்தான். அவர் மேலே பார்த்தது இதே கண்ணாடியை. அன்று அவன் மைக்கை அணைத்துவிட்டு என்ன பேசினான் என்று நினைவில்லை.

விளக்கு எரிந்தது.

"விடுங்க!" மனைவியின் குரல். "என்னங்க, மூச்சை விடுங்க."

விட்டான். வலப்பக்கம் காற்று போனது. ஆழமாகப் போனது. இருமினான்.

"சொல்ல மறந்துட்டேன்யா," என்றது ரேடியோவின் குரல் பின்னாலிருந்து. "மன்னிச்சுக்குங்க."

"நீங்க தள்ளுங்க," என்றாள் அவள். விளக்கு அணையவில்லை. அவள் மைக்கை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். மைக்கில் அவள் மூச்சு கேட்டது. பிறகு, "எங்க ஐ.சி.யூ.ல ஒரு பெரியவர் இருக்கார். ஜன்னலோரப் பெட். தொண்டையில வச்ச குழாயை இன்னிக்குத்தான் எடுத்தோம். எடுத்ததும் முதல் வார்த்தை என்ன கேட்டார் தெரியுமா? சீப்பு. சம்சாரம் வர்ற நேரம், சீப்பு குடுன்னு ஒரே ரகளை. ஐ.சி.யூ. பூரா தேடிட்டோம். சீப்பே இல்ல. என்னைப் பாத்து, நீயெல்லாம் ஒரு பொம்பளையா, பையில சீப்பு இல்லையான்னு கேட்டார்."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை வருடங்களில் அவள் சொன்ன முதல் ஆஸ்பத்திரிக் கதை.

டாக்டர் குனிந்தார். "இடப்பக்கம் மேல் பாதி திறந்துடுச்சு. கீழ ஒரு துண்டு ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. மூணு வழி. இன்னும் இழுத்துப் பாக்கறது. மெல்லிய குழாயை வச்சுச் சொட்டு விடறது. இல்ல, போதும்னு வெளிய வர்றது. மிச்சத்தை ஊசியும் உங்க உடம்பும் பாத்துக்கும்."

அவன் திரையைப் பார்த்தான். வெள்ளைக் கிளை நின்ற இடம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லாத கறுப்பு. அரைகுறைப் படம். இப்படி ஒரு படத்தை அவன் எந்த டாக்டருக்கும் கொடுத்ததில்லை.

"மேடம், குழாயை இன்னும் ஒரு விரக்கடை கீழ இறக்கி, இயந்திரத்தைக் கொஞ்சம் இடது பக்கம் சாச்சு வச்சுப் பாத்தா அந்தத் துண்டோட தலை தெரியும், அப்ப ஒரே இழுப்புல வந்துடும், இல்லன்னா சொட்டாவது விடுங்க, அப்படியே விட்டுட்டு வராதீங்க."

"படக்காரரா சொல்றீங்களா, பேஷண்டா சொல்றீங்களா?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னங்க." விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "இப்ப என்ன பேசினீங்க?"

"என்ன பேசினேன்?"

"மூச்சு வாங்காம பேசினீங்க. காலையிலேர்ந்து நாலு வார்த்தை சேந்தாப்ல வரல உங்களுக்கு. இப்ப ஒரு பத்தி பேசிட்டீங்க." அவள் குரல் ஐ.சி.யூ. குரலாகிவிட்டது. "துடிப்பு இறங்கியிருக்கு. பிரஷர் ஏறியிருக்கு. ஆக்சிஜன் ஏறியிருக்கு. எல்லாம் எனக்கு இங்க தெரியுது. அந்தம்மாவுக்கு அன்னிக்கு இதெல்லாம் ஏறல, அதனாலதான் சொட்டு. உங்களுக்கு ஏறிடுச்சு. மேடம், அதானே?"

"அதான்," என்றார் டாக்டர்.

"அது உள்ள இருக்கு," என்றான் அவன்.

"இருக்கட்டும்."

"தெரியுதே."

"ரேடியோ சார், அந்த ஸ்க்ரீனை அவருக்குத் தெரியாம திருப்பச் சொல்லுங்க."

யாரோ திருப்பினார்கள். கூரை தெரிந்தது. ஒரு விளக்கு, அதன் கூண்டில் செத்த பூச்சிகள். டாக்டர் குழாயை வெளியே இழுத்தார். இழுக்க இழுக்க அது நீண்டுகொண்டே வந்தது. தொடையில் தையல் போட்டார்கள். அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு ஒருவர் நின்றார். காலை மடக்காதீங்க, தலையைத் தூக்காதீங்க, இருமினா சொல்லுங்க. ஒரு கால் மாவில், ஒரு கால் மடக்கக் கூடாது. கைக்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. மறந்துவிட்டார்கள் போல. அவன் நினைவூட்டவில்லை.

இடப்பக்கம் கீழே அந்தத் துண்டு இருந்தது. இப்போது அதற்குப் படம் இல்லை. மூச்சை இழுத்துப் பார்த்தான். அது எங்கே என்று தெரியவில்லை. மறுபடி இழுத்துப் பார்த்தான்.

கண்ணாடிக்கு மேலே விளக்கு அணைந்திருந்தது. இந்தப் பக்கத்து மைக் எப்போதும் திறந்தே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

"அப்புறம்," என்றான் கூரையைப் பார்த்து. "சீப்பு கிடைச்சுதா?"

பிறகு விளக்கு எரிந்தது.

"எதுக்கு?" என்றாள். "அவர் முழு வழுக்கைங்க."